பைத்தான் சாளரத்தில் படம் ஏன் வரவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் கற்பவர்களுக்கு எண்ணும் எழுத்தும் திரையில் வரத் தொடங்கியதும் அடுத்து எழும் ஆசை, ஒரு சாளரத்தைத் திறந்து அதில் படம் காட்ட வேண்டும் என்பதுதான். அந்த ஆசையோடு உட்கார்ந்தவர்கள் முதல் நாளே மனம் தளர்ந்து எழுந்து போவதை வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். குறை அவர்களிடம் இல்லை. படம் காட்டும் வேலை பைத்தானுக்குள் மட்டும் நடப்பதில்லை. பைத்தானுக்குப் பின்னால் வேறொரு மென்பொருள் நிற்கிறது. படம் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுகிறது. கைமாறும் இடத்தில்தான் நழுவுகிறது. அந்த இடம் எது என்று தெரிந்துகொண்டால் கீழே உள்ள பிழைகளில் பலவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பெரும்பாலான கேள்விகள் சாளரம் உருவாக்கும் டிகின்டர், படங்களைத் திறந்து மாற்றும் பில்லோ ஆகிய இரண்டு நூலகங்களைச் சுற்றியே வருகின்றன. கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

சாளரம் திறக்கிறது, பிழைச்செய்தி எதுவும் இல்லை, ஆனால் படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. ஏன்?

எல்லாவற்றிலும் அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். ஆகவே இதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த வெற்றிடத்தை உற்றுப் பாருங்கள். படம் 400க்கு 300 பிக்சல் என்றால் வெற்றிடமும் அதே 400க்கு 300 அளவில் இருக்கும். அப்படியானால் படம் வந்திருக்கிறது, அதன் அளவைத் தெரிந்துகொண்டு சாளரம் இடமும் ஒதுக்கியிருக்கிறது, அதற்குப் பிறகுதான் படம் காணாமல் போயிருக்கிறது. சாளரத்தில் அந்த அளவுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை என்றால் அது வேறு நோய்: சாளரத்துக்குள் பொருள்களை இடம்பெறச் செய்யும் பேக் அல்லது கிரிட் கட்டளையை மறந்திருப்பீர்கள்.

டிகின்டர் என்பது டிகே என்னும் வரைகலைத் தொகுப்பின் மேல் பைத்தான் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை. டிகேயை ஜான் ஆஸ்டர்ஹவுட் பெர்க்லியில் இருந்தபோது, தாமே உருவாக்கிய டிசிஎல் என்ற மொழிக்காக எழுதினார். இன்றும் டிகின்டர் நிரல் ஒன்று ஓடும்போது அதற்குள் ஒரு டிசிஎல் இயக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஃபோட்டோஇமேஜ் என்று எழுதியதும் இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. டிகே பக்கத்தில், பிக்சல்களைத் தாங்கிய உண்மையான படம்; அதற்குப் பைஇமேஜ்1 என்பது போல ஒரு பெயர் கிடைக்கிறது. பைத்தான் பக்கத்தில், அந்தப் பெயரை நினைவில் வைத்திருக்கும் ஒரு பொருள். சாளரத்தில் படத்தைக் காட்டும் லேபிளுக்குப் படத்தைக் கொடுக்கும்போது போய்ச் சேருவது அந்தப் பெயர் மட்டுமே. பைத்தான் பொருளை லேபிள் பிடித்து வைத்துக்கொள்வதில்லை.

இந்த வரிகளை ஒரு ஃபங்ஷனுக்குள் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபங்ஷன் முடிந்ததும் அதன் உள்மாறிகள் போய்விடும். படத்தைச் சுட்டுவதற்கு வேறு எந்த மாறியும் இல்லாததால் பைத்தான் அந்தப் பொருளை அப்போதே அழித்துவிடும். அழியும்போது அது டிகேயிடம், பைஇமேஜ்1ஐ நீக்கிவிடு என்று சொல்லிவிட்டுப் போகிறது. டிகேயும் பிக்சல்களை நீக்கிவிட்டு, லேபிளின் அளவை மட்டும் விட்டுவைக்கிறது. இரண்டு தரப்பும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்திருப்பதால் பிழைச்செய்தி எழுவதற்கு இடமில்லை. புதிதாகக் கற்பவரை இப்படி வாயடைத்து நிற்க வைக்கும் பிழை இது ஒன்றுதான் என்பேன்.

தீர்வு ஒரே வரி. படத்தின் பைத்தான் பொருளை யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்; லேபிளையே பிடிக்கச் சொல்லலாம்:

பட்டை.படம் = படம்

இங்கே பட்டை என்பது லேபிளை வைத்திருக்கும் மாறி. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை மாறிகளாக ஏற்கும் என்பதால் இந்த வரி அப்படியே ஓடும். கிளாஸ் எழுதுபவர்கள் செல்ஃப் என்பதன் கீழ் வைத்துக்கொள்ளலாம், அதுதான் இன்னும் ஒழுங்கு. குளோபல் என்று அறிவித்தாலும் வேலை நடக்கும்; ஆனால் இரண்டாவது படத்தை அதே மாறியில் போட்ட கணமே முதல் படம் மறைந்துவிடும்.

ஃபங்ஷன் எதுவும் இல்லை. வளையத்தில் பன்னிரண்டு படங்களை ஏற்றினேன். கடைசிப் படம் மட்டும் தெரிகிறது.

நோய் அதேதான். ஒரு மாணவி தன் பாட்டி வாசலில் போட்ட கோலங்களைப் படமெடுத்து, பன்னிரண்டையும் ஒரே சாளரத்தில் அடுக்கிக் காட்ட முயன்றார். பதினொரு வெற்றுக் கட்டங்கள், கடைசியில் ஒரு கோலம். வளையம் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரே மாறியில் புதிய படம் வந்து உட்கார, பழையதைப் பிடிக்க ஆளில்லாமல் அது அழிந்துகொண்டே வந்தது. வளையத்துக்கு வெளியே ஒரு வெற்றுப் பட்டியலை உருவாக்கி, ஒவ்வொரு படத்தையும் அப்பெண்ட் கட்டளையால் அதில் சேர்த்தார். பன்னிரண்டு கோலங்களும் வந்துவிட்டன. அந்தப் பட்டியலை நிரல் வேறு எதற்கும் பயன்படுத்தவில்லை. படங்களைப் பிடித்து வைத்திருப்பது மட்டுமே அதன் வேலை.

நீங்கள் சொன்ன வரியைச் சேர்த்தேன். இப்போது ‘நன்டைப்’ பொருளுக்கு அப்படி ஒரு பண்பு இல்லை என்று பிழை வருகிறது.

லேபிளை உருவாக்கிய அதே வரியின் இறுதியில் புள்ளி வைத்துப் பேக் என்று எழுதியிருப்பீர்கள். பேக் எதையும் திருப்பித் தராது. ஆகவே உங்கள் மாறியில் இருப்பது லேபிள் அல்ல, வெறும் ‘நன்’. ஒரு வரியில் லேபிளை உருவாக்குங்கள், அடுத்த வரியில் பேக் செய்யுங்கள்.

பில்லோவிலும் இதே குழி ஒன்று உண்டு. ரீசைஸ் கட்டளை புதிய படத்தைத் திருப்பித் தரும். தம்ப்நெயில் கட்டளையோ இருக்கும் படத்தையே சுருக்கிவிட்டு எதையும் தராது. தம்ப்நெயிலின் விடையைப் பழைய மாறியிலேயே வாங்கினால், கையில் இருந்த படமும் போய்விடும்.

பைஇமேஜ்1 என்ற படமே இல்லை என்கிறது. கோப்பு கண் முன்னே இருக்கிறதே!

அது உங்கள் கோப்பைத் தேடவில்லை. மேலே சொன்ன டிகே பெயரைத் தேடுகிறது. நிரலில் முதன்மைச் சாளரத்தை உருவாக்கும் டிகே என்ற அழைப்பு இரண்டு இடங்களில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு அழைப்பும் தனியாக ஒரு டிசிஎல் இயக்கியைத் தொடங்கும். ஒன்றில் பிறந்த படத்தை மற்றொன்று அறியாது. உள்நுழைவுச் சாளரம் ஒன்று, அதைத் தாண்டினால் முதன்மைச் சாளரம் ஒன்று என்று எழுதுபவர்களுக்கு இது தவறாமல் நேர்கிறது. நிரல் முழுவதற்கும் டிகே ஒன்றே போதும். மற்ற சாளரங்களை டாப்லெவல் கொண்டு உருவாக்குங்கள்.

ஸ்பைடர், ஜூபிட்டர் போன்ற நிரல் எழுதும் செயலிகளில் நிரலை முதல் முறை ஓட்டும்போது படம் வந்து, இரண்டாம் முறை இந்தப் பிழை வந்தால், முந்தைய ஓட்டத்தின் சாளரம் நினைவகத்தில் எஞ்சியிருக்கிறது என்று பொருள். பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானை, அதாவது கெர்னலை, மறுதொடக்கம் செய்யுங்கள்.

படத்தை உருவாக்க இன்னும் நேரம் வரவில்லை என்பது போல ஒரு செய்தி வருகிறது.

ஃபோட்டோஇமேஜ் வரி, டிகே வரிக்கு மேலே இருக்கிறது. கீழே இறக்குங்கள். வேறு கோப்பில் படங்களை ஏற்றி அதை இம்போர்ட் செய்பவர்களுக்கும் இது வரும். அந்த ஏற்றத்தை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, சாளரம் பிறந்த பிறகு அழையுங்கள்.

படக் கோப்பிலுள்ள தரவை அடையாளம் காண முடியவில்லை என்கிறது. அதே கோப்பைச் சொடுக்கினால் திறக்கிறது.

பெரும்பாலும் அது ஜேபெக் படமாக இருக்கும். டிகின்டரின் சொந்த ஃபோட்டோஇமேஜுக்கு ஜேபெக் தெரியாது. ஜிஃப், பிபிஎம் போன்றவை முதலிலிருந்தே தெரியும். பிஎன்ஜி, 2012இல் வந்த டிகே 8.6 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய மேக் கணினிகளோடு வந்த 8.5 பதிப்பில் பிஎன்ஜி கூடத் திறக்காது. ஜேபெக் வேண்டுமென்றால் பில்லோவால் படத்தைத் திறந்து, பில்லோவின் இமேஜ்டிகே பகுதியில் இருக்கும் ஃபோட்டோஇமேஜால் சாளரத்துக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு ஃபோட்டோஇமேஜுக்கும் பெயர் ஒன்று என்பதால் குழப்பம் வரும்; எது எங்கிருந்து இம்போர்ட் ஆகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வைத்திருப்பது பிஎன்ஜி கோப்புதான். பெயரின் இறுதியில் அப்படித்தான் இருக்கிறது.

பெயரை நம்பாதீர்கள். ஜேபெக் கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் அது பிஎன்ஜி ஆகிவிடாது. வலையிலிருந்து இறக்கியது வெப்பி வடிவமாக இருக்கலாம். படம் என்று நினைத்துச் சேமித்தது ஓர் இணையப் பக்கமாகக்கூட இருக்கலாம். கோப்பின் உள்ளேயே சாட்சி இருக்கிறது. அதை இருமக் கோப்பாகத் திறந்து, முதல் எட்டு பைட்டுகளைப் படித்து, பட்டியலாக அச்சிட்டுப் பாருங்கள். உண்மையான பிஎன்ஜி என்றால் இப்படி வரும்:

137, 80, 78, 71, 13, 10, 26, 10

இந்த எட்டு எண்களும் யோசித்து வைக்கப்பட்டவை. நடுவில் உள்ள 80, 78, 71 என்பவை பி, என், ஜி எழுத்துகளின் குறியீடுகள். முதலில் நிற்கும் 137 சாதாரண எழுத்துகளின் எல்லையான 127க்கு மேற்பட்டது. எட்டாவது பிட்டை உதிர்க்கும் பழைய வழியில் கோப்பு வந்திருந்தால் இந்த எண் மாறியிருக்கும், உடனே தெரிந்துவிடும். 13, 10 என்பது விண்டோஸ் வரிமுடிவு; படத்தை உரைக்கோப்பு என்று எண்ணி எந்த மென்பொருளாவது வரிமுடிவுகளைத் ‘திருத்தி’ இருந்தால் இங்கே பிடிபடும். கோப்பு எப்படி ஊனப்பட்டது என்பதைக் கோப்பே சொல்லும்படி அமைத்த அந்த அக்கறை மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

255, 216, 255 என்று தொடங்கினால் ஜேபெக். 71, 73, 70 என்றால் ஜிஃப். 82, 73, 70, 70 என்றால் பெரும்பாலும் வெப்பி. முதல் எண் 60 என்றால் அது கோணக்குறி. நீங்கள் சேமித்தது இணையப் பக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். பில்லோ கோப்பைத் திறக்கும்போது உள்ளடக்கத்தைத்தான் பார்க்கும் என்பதால் பெயர் தவறாக இருந்தாலும் திறந்துவிடும். ஐஃபோன் எடுக்கும் ஹெய்க் படங்களுக்கு மட்டும் பில்லோ-ஹெய்ஃப் என்ற துணை நூலகம் தேவை.

கோப்பு இல்லை என்கிறது. நிரலும் படமும் ஒரே கோப்புறையில்தான் இருக்கின்றன.

வெறும் பெயரைக் கொடுத்தால் பைத்தான் அதை நிரல் இருக்கும் கோப்புறையில் தேடாது; முனையம் நின்றுகொண்டிருக்கும் கோப்புறையில் தேடும். விஎஸ் கோட் திட்டத்தின் மேல் கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் நிரலை ஓட்டினால், இரண்டும் வேறு வேறு இடங்கள். இரட்டை அடிக்கோடுகளுக்கு இடையே எழுதப்படும் ஃபைல் என்ற மாறியில் நிரலின் முகவரி இருக்கிறது. பாத்லிப் நூலகத்தின் பாத் கொண்டு அதன் பேரண்ட் கோப்புறையை எடுத்து, அதனோடு படத்தின் பெயரைச் சேருங்கள். நிரலை எங்கிருந்து ஓட்டினாலும் படம் கிடைக்கும்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால், விண்டோஸ் பெயரின் பின்னொட்டை மறைத்து வைக்கும் பழக்கம் உடையது. பின்னொட்டு இரண்டு முறை சேர்ந்திருக்கலாம். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

விண்டோஸில் முழு முகவரியையும் ஒட்டினேன். யூனிகோடு பற்றி ஏதோ சொல்லி, நிரல் ஓடவே மறுக்கிறது.

முகவரியில் சி டிரைவுக்கு அடுத்து யூசர்ஸ் கோப்புறை வருகிறது. பின்சாய்கோட்டுக்குப் பின் பெரிய யூ வந்தால், எட்டு இலக்க யூனிகோடு எண் ஒன்று வரப்போகிறது என்று பைத்தான் எதிர்பார்க்கிறது. எண் வராததால் நின்றுவிடுகிறது. மேற்கோள்குறிக்கு முன்னால் ஆர் என்ற எழுத்தைச் சேருங்கள், அல்லது முன்சாய்கோட்டைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் அதையும் ஏற்கும்.

இதைவிட வஞ்சகமானது, சிறிய டி (t) அல்லது என் (n) எழுத்தில் தொடங்கும் கோப்புறைப் பெயர். பின்சாய்கோட்டோடு சேர்ந்து அது தாவல் குறியாகவோ புதிய வரியாகவோ மாறிவிடும். நிரல் ஓடும், ஆனால் படம் மட்டும் கிடைக்காது.

கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்தேன். பில்லோ திறக்கிறது, ஓப்பன்சிவி திறக்கவில்லை.

விண்டோஸில், ஓப்பன்சிவி என்னும் படச்செயலாக்க நூலகத்தின் இம்ரீட் கட்டளை, ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் உள்ள முகவரிகளைப் படிக்கத் தடுமாறுகிறது. அதைவிட மோசம், திறக்க முடியாதபோது அது பிழை எழுப்பாது. பேசாமல் ‘நன்’ ஒன்றைத் தந்துவிட்டுப் போகும். சில வரிகள் தள்ளி, படம் காலியாக இருக்கிறது என்று -215 எண்ணோடு ஒரு செய்தி வரும்போது, தவறு நடந்த இடம் எப்போதோ கடந்துபோயிருக்கும். இம்ரீட் எழுதினால் அடுத்த வரியிலேயே ‘நன்’ வந்ததா என்று சோதிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதற்காகத் தமிழ்ப் பெயரை மாற்ற வேண்டியதில்லை. நம்பை நூலகத்தின் ஃப்ரம்ஃபைல் கொண்டு பைட்டுகளைப் படித்து, ஓப்பன்சிவியின் இம்டிகோட் கட்டளையிடம் கொடுத்தால் படம் திறந்துவிடும்.

ஓப்பன்சிவியில் எடுத்த படத்தை டிகின்டரில் காட்டினால் முகமெல்லாம் நீலமாக இருக்கிறது.

ஓப்பன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கிறது. பில்லோ சிவப்பு, பச்சை, நீலம் என்று எதிர்பார்க்கிறது. கொடுப்பதற்கு முன் சிவிடிகலர் கொண்டு வரிசையை மாற்றுங்கள்.

படத்தின் அளவை மாற்றும் வரியில் ஆன்டிஅலையாஸ் இல்லை என்று பிழை. காணொளியில் அப்படித்தான் எழுதிக் காட்டினார்கள்.

காணொளி பழையது. 2023 ஜூலையில் வந்த பில்லோ 10.0 அந்தப் பெயரை நீக்கிவிட்டது. அதற்குப் பதிலாக லான்சோஸ் என்று எழுதுங்கள். அதற்கு முந்தைய பதிப்புகளிலேயே இரண்டும் ஒரே முறைக்கு இரண்டு பெயர்களாகத்தான் இருந்தன, ஆகவே படத்தின் தரத்தில் வேறுபாடு வராது. இதற்காகப் பில்லோவைப் பழைய பதிப்புக்கு இறக்காதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்து இழப்பீர்கள்.

பிஐஎல் என்பதை நிறுவ முயன்றால் கிடைக்கவில்லை.

பிஐஎல் என்பது ஃப்ரெட்ரிக் லுண்ட் உருவாக்கிய பழைய நூலகம். 2009இல் வந்த 1.1.7தான் அதன் கடைசிப் பதிப்பு. அதிலிருந்து 2010இல் கிளைத்தது பில்லோ. பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காக இம்போர்ட் செய்யும் பெயரை மட்டும் பிஐஎல் என்றே விட்டுவைத்தார்கள். நிறுவும்போது பில்லோ, இம்போர்ட் செய்யும்போது பிஐஎல்.

உபுண்டுவில் பில்லோ இருந்தும் இமேஜ்டிகே மட்டும் இல்லை என்றால், அது தனிப் பொதியாக இருப்பதே காரணம், பைத்தான்3-பில்.இமேஜ்டிகே என்பதை நிறுவுங்கள். நிறுவியும் இல்லை என்று வந்தால், கணினியில் இரண்டு பைத்தான்கள் இருக்கலாம். நிரலை ஓட்டும் அதே பைத்தான் கட்டளையோடு -எம் பிப் சேர்த்து நிறுவினால் இந்தக் குழப்பம் வராது.

இமேஜ் என்பதற்கு ஓப்பன் என்ற பண்பு இல்லை என்கிறது.

பிஐஎல்லிலிருந்து இமேஜை இம்போர்ட் செய்த பிறகு, டிகின்டரிலிருந்து நட்சத்திரக்குறி போட்டு எல்லாவற்றையும் இம்போர்ட் செய்திருக்கிறீர்கள். டிகின்டரிலும் இமேஜ் என்று ஒன்று உண்டு. பின்னால் வந்தது முன்னதை மூடிவிட்டது. வரிகளின் வரிசையை மாற்றினால் தீரும். ஆனால் நட்சத்திரக்குறி இம்போர்ட்டையே விட்டுவிடுவதுதான் சரி.

கைப்பேசியில் நிமிர்ந்து தெரியும் படம் சாளரத்தில் படுத்துக் கிடக்கிறது.

கைப்பேசி படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. எப்படித் திருப்ப வேண்டும் என்ற குறிப்பை, படக் கோப்போடு சேர்ந்திருக்கும் எக்சிஃப் தகவலில் எழுதி வைக்கிறது. பில்லோ அதைத் தானாகச் செயல்படுத்தாது. படத்தைத் திறந்தவுடன் இமேஜ்ஆப்ஸ் பகுதியின் எக்சிஃப் டிரான்ஸ்போஸ் வழியாக அனுப்புங்கள். அளவை மாற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பிறகு செய்தால் அகலமும் உயரமும் இடம் மாறிவிடும்.

சில படங்களை ஏற்றியதும் கணினி திணறுகிறது. ஒவ்வொன்றும் 4 மெகாபைட்தான்.

4 மெகாபைட் என்பது வட்டில் அடைத்துக் கட்டி வைத்த அளவு. திரையில் காட்டும்போது கட்டு பிரிகிறது. 4000க்கு 3000 படம் என்றால் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 3 பைட் வீதம் 36 மெகாபைட். பில்லோ ஒரு பிரதியும் டிகே ஒரு பிரதியும் வைத்திருக்கும். சாளரத்துக்குத் தேவையான அளவுக்கு முதலில் சுருக்கி, பிறகு கொடுங்கள்.

வருடி எடுத்த பெரிய வரைபடங்களைத் திறக்கும்போது வெடிகுண்டு என்ற சொல்லோடு எச்சரிக்கை வந்தால் அஞ்ச வேண்டாம். படம் 8,94,78,485 பிக்சலைத் தாண்டினால் பில்லோ எச்சரிக்கும். அதன் இரு மடங்கைத் தாண்டினால் மறுத்துவிடும். சிறிய கோப்புக்குள் மாபெரும் படத்தை ஒளித்து நினைவகத்தை நிரப்பும் தாக்குதலுக்கு எதிரான காவல் அது. உங்கள் சொந்தப் படம் என்றால் வரம்பை உயர்த்தலாம். மற்றவர்கள் அனுப்பும் படங்களை வாங்கும் நிரலில் தொடாதீர்கள்.

படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாற வேண்டும். ஸ்லீப் போட்டால் சாளரம் உறைந்துவிடுகிறது.

ஸ்லீப் நிரல் முழுவதையும் தூங்க வைக்கும். திரையை வரையும் வேலையும் சேர்ந்து தூங்கும். ஆஃப்டர் கட்டளையைப் பயன்படுத்துங்கள்: முதலில் மில்லிவினாடி, அடுத்து ஃபங்ஷனின் பெயர். பெயருக்குப் பின் அடைப்புக்குறி போடக் கூடாது. போட்டால் அது காத்திருக்காமல் அந்தக் கணமே ஓடிவிடும், படங்கள் கண்மூடித் திறப்பதற்குள் பறந்துவிடும். திரெட்டில், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் தனி ஓட்டத்தில், படத்தை மாற்றவும் முயலாதீர்கள். திரெட் கோப்பைப் படிக்கட்டும். லேபிளைத் தொடுவது முதன்மைத் திரெட்டாகவே இருக்கட்டும்.

பைக்யூட்டியில் நம்பை படம் சாய்ந்து, கோடு கோடாகத் தெரிகிறது.

பைக்யூட்டியும் டிகின்டர் போலச் சாளரம் உருவாக்கும் நூலகம்தான். அதில் படத்தைத் தாங்கும் க்யூஇமேஜை உருவாக்கும்போது ஒரு வரிக்கு எத்தனை பைட் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். நிறப் படத்துக்கு அது அகலத்தின் 3 மடங்கு. கொடுக்காவிட்டால் ஒவ்வொரு வரியும் 4இன் மடங்காக இருக்கும் என்று க்யூட்டி எண்ணிக்கொள்ளும். கூடவே காப்பி கட்டளையால் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். க்யூஇமேஜ் நம்பையின் நினைவகத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த அணி அழிந்தால் படம் குப்பையாகிவிடும். முதல் கேள்வியில் பார்த்த அதே நழுவல்தான், இங்கே வேறு உருவில் வருகிறது.

என் கணினியில் எல்லாம் சரி. பைஇன்ஸ்டாலர் கொண்டு எக்சி கோப்பாக்கி நண்பருக்குக் கொடுத்தால் படம் இல்லை என்கிறது.

பைஇன்ஸ்டாலர் உங்கள் இம்போர்ட் வரிகளைப் பின்தொடர்ந்து நூலகங்களைச் சேகரிக்கும். நிரலில் மேற்கோள்குறிக்குள் இருக்கும் படத்தின் பெயர் அதற்கு வெறும் எழுத்துச்சரம். அது ஒரு கோப்பு என்று அதற்குத் தெரியாது. ஆட்-டேட்டா விருப்பத்தால் படங்களின் கோப்புறையை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஒற்றைக் கோப்பாகக் கட்டினால், ஓடும்போது அது தன்னைத் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் பிரித்து வைத்துக்கொண்டு ஓடும். மேலே சொன்ன ஃபைல் மாறியைக் கொண்டு முகவரி அமைத்திருந்தால், பைஇன்ஸ்டாலரின் அண்மைப் பதிப்புகளில் அது அந்தக் கோப்புறையையே சுட்டும்; வேறு மாற்றம் தேவைப்படாது.

சோதிக்கும்போது எக்சி கோப்பைத் திட்டக் கோப்புறைக்குள் வைத்து ஓட்டாதீர்கள். அங்கே படங்கள் பக்கத்திலேயே இருப்பதால் தவறு மறைந்துவிடும். வேறொரு கோப்புறைக்கு நகலெடுத்து, படக் கோப்புறையின் பெயரைச் சற்று நேரம் மாற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அங்கே படம் வந்தால் நண்பரின் கணினியிலும் வரும்.